முதல் அன்னக்கூடை

வேலையில் சேர்ந்த முதல் நாளே எனக்குப் பகையாகிப் போனது ஒரு டிரம். நீல நிற பிளாஸ்டிக் டிரம். அன்னவாசலிலிருந்து புதுக்கோட்டை போகும் சாலையில் ஒரு பெண்கள் கல்லூரி இருக்கிறது. அதன் விடுதியில் நான் மெஸ் சூப்பர்வைசர். மாணவிகள் சாப்பிட்டு முடித்ததும் தட்டில் மிஞ்சியதை அந்த டிரம்மில் தட்டிவிட்டுப் போவார்கள். அதில் எனக்குத் தகராறு இல்லை. அவர்கள் போன பிறகு சமையல் மாஸ்டர் வருவார். அண்டாவில் மிச்சம் இருக்கும் சோற்றை, யார் கையும் படாத, இன்னும் சூடு ஆறாத வெள்ளைச் சோற்றை, அன்னக்கூடை அன்னக்கூடையாக அள்ளி வந்து அதே டிரம்மில் கவிழ்ப்பார். மூன்று மணிக்குப் பன்றிப் பண்ணை வண்டி வந்து எடுத்துக்கொண்டு போகும். பன்றிகளோடும் எனக்கு ஒரு சண்டையும் கிடையாது. தட்டில் மிஞ்சியது அவற்றுக்குப் போகட்டும். கரண்டி படாத சோறு ஏன் போக வேண்டும் என்றுதான் கேட்டேன்.

மாஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கந்தர்வக்கோட்டைப் பக்கம் கல்யாணச் சமையலில் பேர் எடுத்தவர் அவர். "மேடம், மிஞ்சலாம். பத்தாமப் போகக்கூடாது. கடைசிப் பந்தியில அண்டாவச் சொரண்டுற சத்தம் கேட்டுச்சுன்னா, கரண்டியக் கீழ வச்சுட்டு நான் வீட்டுக்குப் போயிருவேன்" என்றார்.

சொன்னதோடு நிற்கவில்லை, செய்தும் காட்டினார். நான் அளந்து கொடுத்த அரிசிக்கு மேலே, உலை கொதிக்கும் நேரத்தில், இன்னும் நாலு படியை அள்ளிப் போட்டார். யாருக்கு என்று கேட்டேன். "வாரவுகளுக்கு" என்றார். எங்கள் விடுதிக்கு யார் வரப் போகிறார்கள்? வாட்ச்மேனைத் தாண்டி ஓர் ஆடுகூட உள்ளே நுழைய முடியாது. ஆனால் அது அவருடைய தொழில் தர்மம். கல்யாண வீட்டில் சொல்லாமல் வந்து நிற்கும் சொந்தக்காரர்களுக்காக அவர் கை பழகியிருந்த பழக்கம், கல்யாணமே இல்லாத இடத்திலும் நாலு படியாக உலையில் விழுந்துகொண்டிருந்தது.

நான் விடவில்லை. முதலில் எண்ணிக்கையைப் பிடிக்கப் பார்த்தேன். சனிக்கிழமை மதியம்தான் பெரிய ஓட்டை. காலை வகுப்பு முடிந்ததும் கீரனூர்ப் பிள்ளைகளும் கந்தர்வக்கோட்டைப் பிள்ளைகளும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். யாரிடமும் சொல்வதில்லை. சமையல் கட்டில் புளியங்கொட்டைக்குப் பஞ்சமே இல்லை. ஒரு தட்டு நிறையக் கொட்டையும் பக்கத்தில் ஒரு டப்பாவும் வைத்தேன். காலை டிபனுக்கு வரும்போது, மதியம் சாப்பிடுகிறவர்கள் ஆளுக்கு ஒரு கொட்டையை டப்பாவில் போட வேண்டும்.

"மேடம், வாட்ஸ்அப்ல ஒரு குரூப் போட்டாப் போதாதா?" என்று சிரித்தார்கள்.

"குரூப்ல நீ பாக்காமலே கட்டைவிரலத் தூக்கிக் காட்டிட்டுப் போயிருவ. கொட்டையக் கையில எடுத்தா ஒரு நிமிஷமாவது யோசிப்ப" என்றேன்.

யோசித்தார்கள். எண்ணிக்கை சரியாக வந்தது. அரிசியைக் குறைத்தேன். அப்படியும் டிரம் நிறைந்தது. ஒரு நாள் உலைக்குப் பக்கத்திலேயே காவல் நின்று பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. கொட்டை குறையக் குறைய மாஸ்டரின் 'வாரவுக' கூடிக்கொண்டே போயிருக்கிறார்கள். நாலு படி, ஆறு படியாகியிருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, தலையில் அடித்துக்கொள்ளவும் தோன்றியது.

அடுத்தது உரக்குழி. காய்கறித் தோல், வாழை இலை, முட்டை ஓடு எல்லாவற்றையும் மட்க வைக்கலாம் என்று விடுதிக்குப் பின்னால் செங்கல் அடுக்கி ஒரு குழி கட்டினேன். ஆர்வக் கோளாறில் மிஞ்சிய சாம்பாரையும் அதில் ஊற்றினேன். உப்பும் புளியும் எண்ணெயும் சேர்ந்து நாலே நாளில் நாறிப்போனது. மாணவிகள் ஜன்னலைச் சாத்தினார்கள். கல்லூரித் தாளாளர் மூக்கில் கைக்குட்டையோடு வந்து நின்றார். மூடிவிடச் சொன்னார். பதினைந்து நாள் கொடுங்கள் என்றேன். சாம்பாரை நிறுத்தினேன். வளாகத்தில் உதிர்ந்து கிடந்த வேப்பஞ்சருகையும் புங்கஞ்சருகையும் கூட்டி அள்ளி, ஒரு அடுக்குக் கழிவு, ஒரு அடுக்குச் சருகு என்று போட்டு, மேலே சாணியைக் கரைத்துத் தெளித்தேன். நாற்றம் போனது. மூன்றாவது மாதம் கையில் அள்ளினால் மழை பெய்த மண் மாதிரி மணந்தது.

தாளாளருக்கு அப்புறம் அந்தக் குழியின் மேல் பாசம் வந்துவிட்டது. பார்வையாளர்கள் யார் வந்தாலும் அங்கே கூட்டிப்போய் போட்டோ எடுப்பார். 'பசுமை வளாகம்' என்று ஒரு போர்டும் முளைத்தது. எண்ணெய் டின்களை வெட்டி நாங்கள் வைத்த துளசிச் செடிகள்கூட அந்தப் போட்டோக்களில் இருக்கும்.

நல்ல முகத்தோடு இருக்கிறாரே என்று ஒரு நாள் கேட்டேன். அன்னவாசலில் ஆதரவற்ற வயதான பெண்களுக்கு ஒரு இல்லம் இருக்கிறது. இருபது பேர் இருப்பார்கள். மதியம் பெரும்பாலும் சோறும் ரசமும்தான். மிஞ்சுகிற நல்ல சோற்றையும் குழம்பையும் அங்கே அனுப்பலாமா சார் என்றேன்.

"ஏதாவது ஆச்சுன்னா?" என்றார்.

"என்ன ஆகும் சார்? நம்ம பிள்ளைக சாப்பிடுற சோறுதானே?"

"இல்ல மேடம். வயசானவங்க. ஒருத்தருக்கு வயித்தால போச்சுன்னாக்கூடக் காலேஜ் பேர் கெட்டுப் போயிரும். மிச்சத்தைக் குழியில போடுங்க. அதுதான் சேஃப்."

குழியில் போட்டால் பசுமை. மனுஷர் வயிற்றில் போட்டால் ரிஸ்க். இதைக் கேட்டுவிட்டு எப்படி வாயை மூடிக்கொண்டு இருப்பது? வாயைத்தான் மூடிக்கொண்டேன், கையை அல்ல. அடுத்த சனிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் சோற்றை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் இல்லத்துக்குக் கிளம்பிவிட்டேன்.

அங்கேதான் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். சோறு அவர்களுக்குச் சுடச்சுடக் கிடைக்க வேண்டும் என்ற ஆசையில், காற்றுப் புகாத மூடி போட்ட பெரிய டப்பாவில் அடைத்து எடுத்துப் போனேன். என் அத்தா கல்யாணங்களுக்குப் பிரியாணி போடும் பண்டாரியாக இருந்தவர். சோற்றை எப்போது மூட வேண்டும், எப்போது மூச்சு விட வைக்க வேண்டும் என்று தெரிந்த தகப்பனிடம் வளர்ந்தவள் நான். தெரிந்தும் செய்தேன். பந்தி முடியும்வரை அண்டாவில் கிடந்த சோறு, பிறகு வெயிலில் ஆட்டோவில் ஆடிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று.

டப்பாவைத் திறந்ததும் மூடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. இல்லத்தில் ஒரு அம்மா இருந்தார். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் காலமெல்லாம் சமைத்து ஓய்வு பெற்றவர். மற்றவர்கள் எல்லாம் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தார்கள். அவர் நாலு பருக்கையை எடுத்து விரலில் நசுக்கினார். முகர்ந்தார்.

"வேர்த்துப் போச்சுத்தா. இன்னும் செத்த நேரத்துல நூல் விட்ரும்" என்றார். அதோடு விட்டிருந்தால் தலையைக் குனிந்துகொண்டு வந்திருப்பேன். விடவில்லை. "அங்கிட்டுப் பொண்ணுக தின்னுட்டு வச்ச எச்சிய எங்களுக்குக் கொண்டாந்தியா? நாங்க நாதியத்துத்தான் கெடக்கோம். எச்சி திங்க வரல."

இருபது தட்டும் பின்னால் போயின. எச்சில் இல்லை, கரண்டியே படாத சோறு என்று சத்தியம் செய்தேன். வேர்த்த சோற்றை முன்னால் வைத்துக்கொண்டு செய்கிற சத்தியத்தை யார் நம்புவார்கள்? திரும்பக் கொண்டுவந்து உரக்குழியில் கொட்டினேன். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அவர் சொன்ன இரண்டில் ஒன்று சரியாக இருந்ததால் ஆத்திரம் இரண்டு மடங்காக இருந்தது.

இல்லத்துப் பொறுப்பாளர் மூலம் செய்தி தாளாளருக்குப் போய்விட்டது. திங்கட்கிழமை கூப்பிட்டார். மேஜையில் ஒரு தாள் தட்டச்சு செய்து தயாராக இருந்தது. விடுதியில் சமைக்கும் உணவு எதையும் எந்தச் சூழ்நிலையிலும் வளாகத்துக்கு வெளியே அனுப்ப மாட்டேன் என்று நான் உறுதியளிக்க வேண்டும்.

"கையெழுத்துப் போடுங்க மேடம். இதோட விட்டுருவோம்."

துபாயிலிருந்து முதுகு வலியோடு திரும்பி வந்த கணவர் வீட்டில் இருக்கிறார். பிளஸ் டூ படிக்கும் மகள் இருக்கிறாள். என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. அது எல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு ஞாபகம் வராமல் இல்லை. ஆனாலும் பேனாவை எடுக்கக் கை போகவில்லை.

"சோறு வேர்த்துப் போனது என் தப்பு சார். அத எத்தனை பேர் முன்னாலயும் ஒத்துக்கிறேன். சோறு குடுத்தது தப்புன்னு எழுதித் தர மாட்டேன்."

"வேலைக்கே பிரச்சினையாகும்."

ஸ்டோர் ரூம் சாவிக்கொத்தை எடுத்து அவர் மேஜையில் வைத்தேன். "வேற ஆளப் போட்டுக்குங்க சார். இருக்கிற வரைக்கும் நான் போவேன். இந்தச் சனிக்கிழமையும் போவேன். ஒளிஞ்சு போகல, சொல்லிட்டே போறேன்."

பரீட்சை நேரம். நானூறு பிள்ளைகளுக்கு மூன்று வேளைச் சாப்பாடு. அவர் சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மாதக் கடைசி வரை யோசித்துச் சொல்லுங்கள் என்று சாவியையும் தாளையும் சேர்த்து என் பக்கம் தள்ளினார். நான் இரண்டையும் எடுத்துக்கொண்டேன். அன்று பஸ் ஸ்டாப்பில் நின்று, வேலை போனால் கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும் என்று விரல் விட்டு எண்ணினேன். தைரியசாலி என்றெல்லாம் சொல்லிக்கொள்ள மாட்டேன். பிடிவாதக்காரி, அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமை சோற்றை அகலப் பாத்திரத்தில் பரப்பி, சூடு தணிய விட்டு, ஈரத்தைப் பிழிந்த வெள்ளைத் துணியால் மூடினேன். சாம்பார் தனியாகத் தூக்குவாளியில். வீட்டிலிருந்து ஒரு பொருளையும் எடுத்துப் போயிருந்தேன். எங்கள் வீட்டுச் சஹன். தாம்பாளத்தைவிடப் பெரிய தட்டு. எங்கள் கல்யாணங்களில் அதைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவோம். அவரவர் பக்கத்திலிருந்து அவரவர் எடுத்துச் சாப்பிட வேண்டும், அதுதான் முறை.

இல்லத்தின் கூடத்தில், அந்த அம்மாவுக்கு நேர் எதிரே, தரையில் உட்கார்ந்தேன். சஹனில் சோற்றைப் பரப்பினேன். சாம்பாரை ஊற்றினேன். என் பக்கத்திலிருந்து பிசைந்து சாப்பிட ஆரம்பித்தேன். ஒரு வாய், இரண்டு வாய், மூன்று வாய்.

"என்னத்தா பண்ற?" என்றார் அந்த அம்மா.

"சாப்பிடுறேங்க. எச்சின்னு சொன்னீங்கள்ல. எச்சியா இருந்தா நானும் அதத்தான் திங்கிறேன். ஏதாவது ஆச்சுன்னா எனக்குத்தான் மொதல்ல ஆகும். நீங்களும் வாங்க, ஒரே தட்டுல சாப்பிடுவோம்."

"ஒரே தட்டுலயா? அதுதானத்தா எச்சி!"

"எங்க வீட்டுக் கல்யாணத்துல மாப்பிள்ளையே அப்படித்தாங்க சாப்பிடுவாரு. சேந்து உக்காந்து சாப்பிட்டா எங்களுக்கு எச்சி கெடையாது. அள்ளிப் போட்டுட்டு எந்திரிச்சுப் போனாத்தான் எச்சி."

அவர் தன் தட்டை ஓரமாக வைத்தார். பிறகு சிரமப்பட்டுக் காலை மடக்கி எதிரே உட்கார்ந்தார். சோற்றின் நடுவில் விரலால் ஒரு கோடு போட்டார். "இங்கிட்டு என் பக்கம். தாண்டி வரக் கூடாது" என்றார். சரி என்றேன். நசுக்கிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், வாயில் வைத்தார்.

"உப்புக் கம்மி" என்றார். பின்னால் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். தட்டுகள் முன்னால் வந்தன.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது அவர் கையைக் கழுவிவிட்டு வந்து என்னிடம் கேட்டார்: "ஏத்தா, மிஞ்சுனாத்தான் எங்களுக்கா?"

நான் சஹனைக் கழுவ எடுத்தேன். அவர் விடவில்லை.

"நான் சத்துணவுல கெடந்தவ. எனக்குத் தெரியாதா? பந்தி முடிஞ்சு, மிஞ்சுதான்னு பாத்து, அப்பறம் எடுத்து, அப்பறம் வண்டி தேடி... அதுக்குள்ள எந்தச் சோறும் வேர்க்கத்தான் செய்யும். தெனமும் மிஞ்சுதுன்னு சொல்ற. மிஞ்சும்னு ஒனக்கே தெரியுதுல்ல? அப்ப பந்திக்கு முந்தியே எடுத்து வையி. எங்களுக்கும் கடைசிச் சோறுன்னு இருக்காது. ஒனக்கும் கெட்டுப் போகாது."

வேலைக்கு வந்த நாளிலிருந்து அந்த டிரம்மோடுதான் மல்லுக்கட்டினேன். கொட்டை எண்ணினேன், குழி வெட்டினேன், சண்டை போட்டேன். இது எனக்குத் தோன்றவில்லை. நல்லது செய்கிறேன் என்ற எண்ணத்திலேயே இருபது பெண்களை டிரம்முக்கு ஒரு படி முன்னால் நிறுத்தி வைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

மறுநாள் அதிகாலையே மாஸ்டர் முன்னால் போய் நின்றேன். "வாரவுகளுக்குன்னு ஆறு படி போடுவீங்கள்ல மாஸ்டர்? அவுக வந்துட்டாங்க" என்றேன். விஷயத்தைச் சொன்னேன். சோறு வடித்ததும், பிள்ளைகளுக்கு மணி அடிக்கும் முன்னால், அண்டாவின் மேல் சோற்றை, மல்லிகை மாதிரி மலர்ந்திருக்குமே அதை, ஒரு அன்னக்கூடை நிறைய அவர் கையாலேயே அள்ளி வைத்தார். "இதுல கைய வச்சீங்கன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும்" என்று பரிமாறுகிறவர்களை மிரட்டினார். அன்றிலிருந்து முதல் அன்னக்கூடை இல்லத்துக்குப் போகிறது. தட்டில் மிஞ்சுவது இன்னும் டிரம்முக்குத்தான் போகிறது. மாஸ்டர் இப்போதும் கண் தப்பினால் ஒரு படி கூடப் போட்டுவிடுகிறார். ஆனால் வெள்ளைச் சோறு டிரம்மில் விழும் நாள் அபூர்வம்.

தாளாளருக்குத் தெரியும். தெரியும்படிதான் செய்தேன், கூடை முன்வாசல் வழியாகவே போனது. மாதக் கடைசி வந்தது. "அந்தப் பேப்பர்?" என்று கேட்டார். யோசித்துக்கொண்டிருக்கிறேன் சார் என்றேன். அடுத்த மாதமும் கேட்டார். அடுத்த மாதமும் யோசித்தேன்.

குழியில் உரம் தேவைக்கு மேல் சேர்ந்தபோது இரண்டு மூட்டையை இல்லத்துக்குக் கொண்டுபோய்ப் போட்டேன். அவர்கள் கொல்லையில் அரைக்கீரை விதைத்தார்கள். சனிக்கிழமைகளில் நான் அங்கேதான் சாப்பிடுவேன். முதல் வாய் நான் வைக்க வேண்டும், அப்புறம்தான் அந்த அம்மா தொடுவார். என்னை நம்பவில்லை என்று இல்லை, முறை என்றால் முறை என்பார்.

நோன்பு மாதம் வந்தது. முதல் சனிக்கிழமை கூடையோடு போய் உட்கார்ந்தேன். நான் சாப்பிட முடியாதே என்று சங்கடமாக இருந்தது. அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார்.

"வாயக் கட்டியிருக்கியா?"

"ஆமாங்க."

"அப்ப இந்த மாசம் பூரா மொத வாய் நான் வைக்கிறேன். நீ இரு, சும்மா" என்று சொல்லிச் சாப்பிட ஆரம்பித்தார். கிளம்பும்போது வெறும் தூக்குவாளியைக் கொடுக்கவில்லை. வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரக் கூடாதாம். அரைக்கீரைக் கடைசல் செய்து, பூண்டு தாளித்து, நிறைய ஊற்றிக் கொடுத்தார். "ஒங்க மாஸ்டருக்கும் மத்தவுகளுக்கும் குடு. உப்புச் சரியா இருக்கு, நான் தின்னு பாத்துட்டேன்."

விடுதிக்கு வந்தால் சாப்பாட்டுக் கூடத்துப் பெரிய மேஜை முன்னால் தாளாளர் இருந்தார். வெளியூரிலிருந்து வந்த இரண்டு பேராசிரியர்களுக்குப் போர்டையும் குழியையும் காட்டிவிட்டு, அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார். மாஸ்டர் தூக்குவாளியைத் திறந்தார், முகர்ந்தார், என்னைக் கேட்காமலே அவர்கள் தட்டில் பரிமாறினார். நான் தடுக்கவில்லை. தடுத்திருக்க வேண்டும் என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை.

தாளாளர் ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினார். "கீரை பிரமாதம். நம்ம குழி உரத்துல வந்ததா மேடம்?"

"ஆமா சார். நம்ம உரம்தான். கீரை இல்லத்துது. அங்க இருக்கிற அம்மா கடைஞ்சு குடுத்தாங்க."

அவர் கை நின்றது. பேராசிரியர்கள் ஒன்றும் தெரியாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். குரலைத் தாழ்த்தி, "வெளியில இருந்து வந்ததா? நீங்க சாப்பிட்டுப் பார்த்தீங்களா?" என்று கேட்டார்.

"நான் நோன்பு சார். அந்த அம்மா சாப்பிட்டுப் பாத்துட்டுத்தான் அனுப்பியிருக்காங்க."

அவர் தட்டைப் பார்த்தார். நான் தூக்குவாளியைக் கையில் பிடித்துக்கொண்டு அதே இடத்தில் நின்றேன். ஏதாவது ஆச்சுன்னா என்று அவர் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. கீரையைச் சோற்றில் பிசைந்து, மெதுவாக, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டு முடித்தார்.

அந்தத் தாள் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, புளியங்கொட்டை டப்பாவுக்கு அடியில். அதற்குப் பிறகு அவர் அதைக் கேட்கவில்லை. அனுமதியும் இதுவரை கொடுக்கவில்லை. நாளைக்கும் மணி அடிக்கும் முன்னால் முதல் கூடை போகும்.